அழுக்குப் பக்கத்தில் அக்கா

வேலை செய்யும் இடத்தில் என் அக்காவுக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். வைத்தவள் ஒருத்தி, கூப்பிடுகிறவர்கள் எல்லாரும். அக்கா யாரையும் வெட்டியதும் இல்லை, குத்தியதும் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பெல்லாம் என்னுடையது. என் வாய்க்குப் பயந்துதான் எனக்கு மாப்பிள்ளையே அமையவில்லை என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அமைந்தது. நல்ல மனிதர், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மாடியில் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். மாடிப்படி ஏறுவதற்குள் அக்கா இரண்டு தடவை நிற்கிறாள். ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், சாவியைத் தேடுகிறேன் என்பாள். சாவி என் பையில் இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். அங்கே கட்டடத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. சுவருக்கு ஒரு பக்கம் அழுக்கு, மறுபக்கம் சுத்தம். துவைக்கிற மெஷின்களைச் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போடுவார்கள். கொதிக்கிற தண்ணீரிலும் மருந்திலும் புரண்டு, துணி சுத்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வரும். அழுக்குப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வரவேண்டுமானால் குளித்து, உடை மாற்றி, வெளிவாசல் சுற்றித்தான் வரவேண்டும். நடுவில் திறக்க முடியாத ஒரு கண்ணாடி ஜன்னல் மட்டும் உண்டு. அதை ஒட்டித்தான் என் தையல் மேசை. கிழிந்த போர்வை, நாடா அறுந்த நோயாளிச் சட்டை, எல்லாம் என்னிடம் வரும். நிமிர்ந்தால் சுத்தப் பக்கம் முழுக்கத் தெரியும். திரும்பினால் அழுக்குப் பக்கத்தில் அக்கா தெரிவாள்.

அக்கா முன்பு சுத்தப் பக்கத்தில்தான் இருந்தாள். படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறி, மூலைகளைச் சேர்த்து, ஒருத்தி நடந்து வந்து தன் முனையை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு குனிந்து தொங்குகிற மடிப்பை எடுக்க வேண்டும். அக்காவோடு மடித்தவள் அவளுடைய சிநேகிதி. இரண்டு பேரும் விரிப்பைப் பார்க்கவே மாட்டார்கள். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கை பாட்டுக்கு மடித்துக்கொண்டே போகும். ஜெபத்துக்கு ஒரே சபைக்குப் போனார்கள். அவளுடைய பையனுக்குக் காய்ச்சல் என்றால் அக்கா தன் விடுப்பைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். கூடப்பிறந்த என்னிடம் பேசியதைவிட அவளிடம்தான் அக்கா அதிகம் பேசினாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அந்தக் காலத்தில் அழுக்கு மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையை எல்லாரும் முறை வைத்துச் செய்தார்கள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் துணிக்குள் எதுவும் இருக்கலாம். ஊசி இருக்கும், கிளிப் இருக்கும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ இருந்தது. அன்று சிநேகிதியின் முறை. அவள் பிரித்துப் பார்க்காமல் தள்ளிய மூட்டையிலிருந்து ஒரு கத்திரிக்கோல் மெஷினுக்குள் போய், கதவு ரப்பரைக் கிழித்துவிட்டது. தரையெல்லாம் தண்ணீர். மெஷின் ரொம்ப நாள் படுத்துக்கொண்டது. மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டபோது, அவள் கொஞ்சமும் யோசிக்காமல் அக்காவைக் காட்டினாள்.

"நான் போன் பேசப் போயிருந்தேன் சார். எனக்குப் பதிலா இவதான் நின்னா."

போன் பேசப் போனது உண்மை. அக்கா பதிலுக்கு நின்றது பச்சைப் பொய். அக்கா அப்போது இந்தப் பக்கம் என் மேசையில் நூல் கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். தங்கை அக்காவுக்குப் பரிந்து பேசாமல் வேறு யாருக்குப் பேசுவாள் என்று மேனேஜர் என்னை உட்காரச் சொல்லிவிட்டார். பேசவேண்டியவளோ வாயையே திறக்கவில்லை. "சொல்லத்தான் வந்தேன். அவ மூஞ்சியைப் பாத்தேன். வார்த்தை வரல" என்று பிறகு சொன்னாள். ஆக, அக்கா நிரந்தரமாக அழுக்குப் பக்கத்துக்குப் போனாள். அவளுக்கு வரவேண்டிய இன்சார்ஜ் வேலை சிநேகிதிக்குப் போனது. அன்றிலிருந்து நாங்கள் அவளை இன்சார்ஜ் என்றுதான் சொல்கிறோம். சிநேகிதி என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது.

அநியாயம் செய்தவர்களுக்கு, அதை வாங்கிக்கொண்டவர்களைப் பார்க்கவே பிடிக்காது போலிருக்கிறது. இன்சார்ஜ் அக்காவோடு பேசுவதை அடியோடு நிறுத்தினாள். கத்திரிக்கோல் என்ற பெயரையும் அவள்தான் வைத்தாள். புதுக் கையுறை வந்தால் எல்லாருக்கும் போனபிறகு மிச்சம்தான் அக்காவுக்கு, அதிலும் விரலில் ஓட்டை. அக்கா விடுப்புக் கேட்ட நாளில் எப்போதும் வேறு யாருக்காவது விடுப்பு இருக்கும். டீ வந்தால் அழுக்குப் பக்கத்துக்குக் கடைசியாக அனுப்புவாள், ஆறிப்போய் ஆடை படிந்து. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன விஷயம், வெளியே சொன்னால் இதற்கெல்லாமா என்பார்கள். தினமும் வாங்கிப் பார்க்கட்டும், தெரியும்.

ஆரம்பத்தில் நான் அக்காவைப் பாஸ்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவராவது இன்சார்ஜைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கட்டும் என்றுதான். பாஸ்டர் நல்லவர், அன்றைக்கு அவருக்கே ஜலதோஷம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழிவாங்குவது நம்முடைய வேலை இல்லை, அதை ஆண்டவர் தன் கையில் வைத்திருக்கிறார், அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள் என்றார்.

"ஆண்டவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் பாஸ்டர். நாங்க கூடமாட ஒத்தாசை பண்ணலாம்ல?" என்றேன்.

பாஸ்டர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "சரிங்க பாஸ்டர், அவர்கிட்டயே விட்டுடறேன்" என்றாள். அதோடு முடிந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் இன்சார்ஜ் பாடகர் குழுவில் நின்று வாய் நிறையப் பாடுவாள். நல்ல குரல் வேறு. நான் பாட்டைக் கேட்காமல் அவளையே முறைத்துக்கொண்டிருப்பேன். அக்கா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படியே வருஷங்கள் போயின. அழுக்குப் பக்கத்து வேலை உடம்பைத் தின்கிற வேலை. நனைந்த துணி மூட்டை எவ்வளவு கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். மருந்துத் தண்ணீர் பட்டுப் பட்டு அக்காவின் விரல்கள் வெடித்துப்போயின. முழங்கால் வீங்கியது. முதுகு, கேட்கவே வேண்டாம். போன மாதம் டாக்டர், இனிமேல் கனம் தூக்கினால் எழுந்து நடக்க முடியாமல் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுத்தப் பக்கத்துக்கு மாற்றித் தரும்படி அக்கா எழுதிக் கொடுத்தாள். இடமில்லை என்று இன்சார்ஜ் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள்.

அப்போதுதான் காற்று எங்கள் பக்கம் அடித்தது. கறை போகாத விரிப்புகளை வார்டுக்கு அனுப்பியதற்காக இன்சார்ஜுக்குக் கடைசி எச்சரிக்கை வந்தது. இன்னொரு தப்பு நடந்தால் பதவி போய்விடும் என்று மேனேஜர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அவரே ஒருநாள் என் மேசைப் பக்கம் வந்து, "உங்க அக்கா இன்னும் அந்தப் பக்கம்தானா? கொஞ்சம் பொறுங்க, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பார்ப்போமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற கை நின்றது, அப்புறம் மறுபடி தேய்த்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வருவதற்குள் எல்லா மெஷின்களும் நின்றுவிட்டன. எங்கள் மெஷின்கள் பழசு. நடுவில் கரண்ட் போய்வந்தால் எங்கே நின்றோம் என்பதையே மறந்துபோய், துவைத்து முடித்துவிட்டதாகப் பச்சை விளக்கைப் போட்டுவிடும். அதற்காகவே ஒரு விதி இருக்கிறது. கரண்ட் வந்ததும் இன்சார்ஜ் சுவரிலுள்ள போனை எடுத்து, எந்த மெஷின் உண்மையிலேயே ஓடி முடித்தது என்று அழுக்குப் பக்கத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் கதவைத் திறக்கக் கூடாது. போட்டவளுக்குத்தானே எப்போது போட்டோம் என்று தெரியும். அன்று போட்டவள் அக்கா.

இன்சார்ஜ் போனை எடுக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கேட்க வேண்டியிருந்தால் எப்போதும் யாராவது ஒரு பெண்ணை விட்டுக் கேட்கச் சொல்வாள். அன்று அந்தப் பெண்கள் எல்லாம் உலர்த்தும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தானே எடுத்தால் அக்காவோடு பேச வேண்டும். ஒரு நிமிஷம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் பார்த்தேன். பிறகு பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, நேராகப் போய் மூன்றாவது மெஷினின் கதவைத் திறந்தாள்.

அதில் இருந்தது காய்ச்சல் வார்டு விரிப்புகள். பச்சைத் தண்ணீரில் நனைந்ததோடு சரி, கொதிநீரும் படவில்லை, மருந்தும் படவில்லை. ஆனால் நனைந்த துணி பார்வைக்குத் துவைத்த துணி மாதிரியேதான் இருக்கும். உலர்த்தும் மெஷினை விட்டு வந்த இரண்டு பெண்கள் அதை வண்டியில் இழுத்துப் போட ஆரம்பித்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணாடியருகே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டி, கையை இல்லை என்று ஆட்டினாள். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் என்ன சந்தோஷம் தெரியுமா! ஆண்டவர் தாமதமாக வந்தாலும் நல்ல ஏற்பாட்டோடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அக்காவை அவள் ஒதுக்கினாளே, அந்த ஒதுக்கலே இப்போது அவள் காலை வாரிவிட்டது. இதைவிடக் கச்சிதமாக யாரால் செய்ய முடியும்?

அக்கா போனை எடுத்தாள். அந்தப் போனில் இரண்டு பொத்தான். ஒன்று சுத்தப் பக்கத்தில் மணியடிக்கும், மற்றது மாடியில் மேனேஜர் அறையில் மணியடிக்கும். எதை அழுத்தினாலும் விரிப்புகள் வார்டுக்குப் போகாது, நோயாளிகளுக்கு ஆபத்தில்லை. மேலே அழுத்தினால் இன்சார்ஜ் வீட்டுக்குப் போவாள், அக்கா இந்தப் பக்கம் வருவாள். யாரும் அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. நான் ஊசி பிடித்த கையாலேயே மேலே, மேலே என்று சைகை காட்டினேன். அக்கா என்னையே பார்த்தாள். ரொம்பக் களைத்துப்போன முகம். பிறகு கீழே குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினாள்.

மணி என் முதுகுக்குப் பின்னால் அடித்தது.

இன்சார்ஜ் எடுத்தாள். அக்கா என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை, பிறகுதான் தெரிந்தது. "மூணாவது மெஷின் வேகல. வெளிய எடுக்காதே. மறுபடி உள்ள போடு. மேனேஜர்கிட்ட நீயே சொல்லிடு." அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவளிடம் அக்கா பேசிய முதல் பேச்சு. இன்சார்ஜின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. போனைப் பிடித்த கை நடுங்கியது. "யார்கிட்டயாவது சொன்னியா?" என்று அவள் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்ததும் போனை வைத்தாள். நன்றி, மன்னிப்பு, ஒன்றும் கிடையாது. துணியைத் திருப்பிப் போடச் சொன்னாள், தரையையும் வண்டியையும் மருந்து ஊற்றித் துடைக்கச் சொன்னாள், பெண்களைக் கை கழுவ விரட்டினாள். அப்புறம் மாடிக்குப் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போகிறாள் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்துவிட்டேன்.

வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர் இறங்கி வந்து எல்லாரையும் கூப்பிட்டார். கரண்ட் போனபோது தப்பான விளக்கு எரிந்ததாம். எல்லாரும் ஏமாந்திருப்பார்களாம். இன்சார்ஜ் கையை வைத்துப் பார்த்து, சூடு இல்லையே என்று சந்தேகப்பட்டு, தானே தடுத்து நிறுத்தினாளாம். "இப்படித்தான் கவனமா இருக்கணும். போன தடவை நான் கோபமா பேசினதை மறந்துடுங்கம்மா" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இன்சார்ஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். குளித்து உடை மாற்றி வந்த அக்கா, ஈரத் தலையோடு கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் இரண்டு தட்டு தட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

மேனேஜர் பின்னாலேயே மாடிப்படிக்குப் போனேன். அக்கா என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"வீட்டுக்கு வாடி."

"விடுக்கா. ரெண்டே வார்த்தை. உண்மையை மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்."

"எனக்கு நிக்க முடியல. வா."

அது நடிப்பு இல்லை. அவளால் உண்மையிலேயே நிற்க முடியவில்லை. கையைப் பிடித்து பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உட்கார இடம் கிடைத்ததும் ஆரம்பித்தேன். நாளைக் காலையில் முதல் வேலையாக மேனேஜர் அறைக்குப் போகப்போகிறேன், நீ காலில் விழுந்தாலும் கேட்கமாட்டேன், நான் கண்ணால் பார்த்த சாட்சி, இந்தத் தடவை என்னை உட்காரச் சொல்ல முடியாது என்றெல்லாம். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கியபோதுதான் பேசினாள்.

"ஆண்டவர்கிட்ட விட்டுட்டேன்னு பாஸ்டர்கிட்ட சொன்னேன்ல? நான் விடவே இல்லடி. தினமும் அந்தக் கண்ணாடியில எட்டிப் பாப்பேன். இன்னும் இவளுக்கு ஒண்ணும் ஆகலையே, இன்னும் ஒண்ணும் ஆகலையேன்னு. முதுகு வலியைவிட அதுதான் அதிகமா வலிச்சுது. இன்னிக்கு அவ அந்தக் கதவைத் திறந்தப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நெஜமாவே சிரிச்சேன். அப்புறம் எனக்கே என்னைப் பிடிக்கல."

"அப்போ அவளுக்குத் தண்டனையே கிடையாதா? பொய்க்கு மேல பொய் சொல்லிட்டு கைதட்டு வாங்குவா, நீ மூட்டை தூக்கியே முடமாகணுமா?"

"அது என் வேலை இல்ல. எனக்கு இருக்கிற வேலைக்கே முதுகு ஒடியுது."

"உனக்கு மாத்தல்?"

"கேப்பேன். மறுபடியும் கேப்பேன். எனக்கு வேணும்னுதான் கேப்பேன். அவ போகணும்னு கேக்க மாட்டேன்."

அக்கா இறங்கும் இடம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் அன்று மூன்று தடவை நின்றாள்.

சாப்பிட்டதும் ஜெபம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரு முறை உண்டு. ஒருத்தர் ஜெபிப்பார், மற்றவர் ஆமென் சொல்வார். ஆமென் வராமல் ஜெபம் முடியாது, ஜெபித்தவர் எழுந்திருக்கவும் மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தால் போதும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அக்கா கேட்பதில்லை. கட்டிலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கால் போட்டாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வழக்கமான ஜெபம்தான். சாப்பாட்டுக்காக, வீட்டுக்காக, என் வாய்க்காக. பிறகு கொஞ்சம் நிறுத்தினாள்.

"ஆண்டவரே, என் சிநேகிதி இன்னிக்கு ரொம்ப பயந்துட்டா. அவ கை நடுங்கினதை நான் பாத்தேன். அவளை இனிமே நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். நீர் பாத்துக்கொள்ளும். அவளுக்கு இன்னிக்கு நல்ல தூக்கம் தாரும்."

அவ்வளவுதான். என் முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சிநேகிதியாம்! அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. வந்தது கோபமா, அழுகையா, எனக்கே தெரியவில்லை. அவளுக்குத் தூக்கம் வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஒரு நாளாவது அவள் தூங்காமல் கிடக்கட்டும் என்றுதான் நான் கேட்பேன்.

"எந்திரிக்கா" என்றேன்.

"முடிச்சு விடுடி. எந்திரிக்கிறேன்."

"என்னால முடியாது."

அக்கா வற்புறுத்தவில்லை. தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வீங்கின முழங்கால் சிமென்ட் தரையில். வெடித்த விரல்கள் போர்வையைப் பிடித்திருந்தன. தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்து மூடினார்கள். அக்காவின் முதுகு மெல்ல நடுங்க ஆரம்பித்தது, வலியில்தான். அவள் எழுந்திருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். விடிய விடிய இருக்கச் சொன்னாலும் இருப்பாள். வாய் பேசாதவளின் பிடிவாதத்துக்கு முன்னால் என் வாயெல்லாம் எம்மாத்திரம்.

"ஆமென்" என்றேன். அக்காவின் முழங்காலுக்காகத்தான் சொன்னேன், வேறு எதற்காகவும் இல்லை. அவள் என் கையைப் பிடித்து எழுந்து, கட்டிலில் சாய்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அங்கேயே நின்றேன். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்ன வாயோடு நாளைக் காலை மேனேஜர் அறைக்குப் போக முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.